தூக்கத்துக்கு எந்த மாத்திரை? காலையில் என்ன வேலை என்று முதலில் சொல்லுங்கள்

குன்னூரில் மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை எனக்கு. தென்மேற்கு மழை தொடங்கியதிலிருந்து உறைபனி முடிகிற வரை ஒரு கோரிக்கை ஓயாமல் வரும். "தம்பி, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. டாக்டர் சீட்டெல்லாம் கெடையாது. நல்லா ஸ்ட்ராங்கா ஒண்ணு குடு."

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "நாளைக்குக் காலைல எத்தனை மணிக்கு, என்ன வேலைங்க?"

சிலருக்கு எரிச்சல் வரும், தூக்கத்துக்கு வழி கேட்டால் இவன் வேலையை விசாரிக்கிறானே என்று. ஆனால் சீட்டு இல்லாமல் வாங்குகிற மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கண் சொருக வைப்பதை எல்லாமே ஓரளவு செய்யும். விடிந்த பிறகும் எது எவ்வளவு நேரம் தலைக்குள் உட்கார்ந்திருக்கும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. சமவெளியில் மந்தமாக எழுந்தால் ஆபீஸில் நாலு கொட்டாவியோடு போகும். இங்கே மேட்டுப்பாளையம் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரவே பாசி பிடித்த படிகளில் இறங்க வேண்டும். கக்கூஸ் வெளியே இருக்கிற வீடுகளில் நடு ராத்திரி கதவைத் திறந்தால் முற்றத்தில் காட்டுமாடு நிற்பது புதுசில்லை. கோத்தகிரிப் பக்கம் என்றால் கரடி. அரைத் தூக்கத்தில் நடமாடுகிற ஊரா இது?

நம் நாட்டுச் சட்டத்தில் சீட்டு வேண்டாத மருந்துகள் என்று தனிப் பட்டியல் கிடையாது. எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகளில் வராதவை நடைமுறையில் அப்படி விற்கப்படுகின்றன, அவ்வளவுதான். தூக்கத்துக்கென்று மக்கள் தேடி வருவது மூன்று வகை: அலர்ஜி மாத்திரை, மெலட்டோனின், நாட்டு மருந்து. நாலாவதாக ஒன்று உண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அல்பிரசோலம் மாத்திரை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மாத்திரைக்கு முன்னால் ஒரு கணக்கு

மலையில் ஆறரைக்கே இருட்டிவிடும், மூடுபனி இறங்கினால் அதற்கும் முன்பே. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குக் கம்பளிக்குள். மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும், அப்புறம் விடிகிற வரை புரண்டுகொண்டே கிடப்பார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் சொல்லும் குறைகளில் பாதி இந்த வகைதான். எட்டிலிருந்து மூன்று வரை எண்ணிப் பாருங்கள், ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த வயதுக்கு அது முழுத் தூக்கம். இவருக்கு மாத்திரை கொடுத்தால் பத்து மணி நேரம் தூங்க மாட்டார், காலையில் தள்ளாடுவார். ஸ்வெட்டரையும் குல்லாவையும் போட்டுக்கொண்டு பத்து மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். குளிருகிறது என்று படுக்கைக்குப் போவதும் தூக்கம் வந்து போவதும் ஒன்றில்லை.

அடுத்தது டீ. தேயிலைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். குடித்த காபினில் பாதி உடலை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் கடையில் ஒரு ஸ்ட்ராங் டீ என்றால், நள்ளிரவில் அரை டீ ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "எனக்கு டீ குடிச்சாத்தான் தூக்கமே வரும்" என்பவர்களுக்குக் கண் மூடுவதில் சிக்கல் இருக்காது. ஆனால் தூக்கம் ஆழமாகப் போகாது.

பிரஷர் மாத்திரையும் பார்க்க வேண்டியதுதான். மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது, நல்ல விஷயம். ஆனால் அதில் நீர் பிரியும் மாத்திரை இருந்து அதைச் சாயங்காலம் போட்டுக்கொண்டால், ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கத்தான் வேண்டும். அதைக் காலை வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். மூக்கடைப்பைத் திறக்கிற சளி மாத்திரைகளும் சிலரை விழிக்க வைக்கும். சிலவற்றில் காபினே கலந்திருக்கிறது. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

அலர்ஜி மாத்திரைகள்

கடையில் தூக்கத்துக்காக அதிகம் கேட்கப்படுவது இந்தக் குடும்பம். அவில் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த பெனிரமின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், இருமல் சிரப்பில் வரும் டைபென்ஹைட்ரமின், கர்ப்பிணிகளின் வாந்திக்கு எழுதப்படும் டாக்சிலமின் எல்லாம் அண்ணன் தம்பிகள். மலைப் பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் அவோமினும் இதே வம்சம்தான், அதில் இருப்பது ப்ரோமெத்தசின். மேட்டுப்பாளையத்தில் போட்டுக்கொண்டவர் குன்னூர் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்புகிற வரை தூங்குவது அதனால்தான்.

மூளையை விழிப்பாக வைத்திருக்கும் வேதிப்பொருள்களில் ஹிஸ்டமினும் ஒன்று. பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் மூளைக்குள் நுழைந்து அதைத் தடுத்துவிடும், தூக்கம் வரும். அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் தூக்க மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பதும் இவைதான்: டைபென்ஹைட்ரமின் 25 முதல் 50 மி.கி., அல்லது டாக்சிலமின் 25 மி.கி. ஒன்றிரண்டு நாளுக்கு வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சில நாள் தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிக்கொள்ளும். தூக்கம் குறையும், வாய் வறட்சியும் மலச்சிக்கலும் மட்டும் மிச்சம். ஆளுக்கு ஒன்றில் தொடங்கி இரண்டு கேட்டு வருவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது இரண்டு கொடுப்பது கடைக்காரன் செய்யக்கூடாத காரியம்.

இப்போது காலைக் கணக்குக்கு வருவோம். டைபென்ஹைட்ரமினில் பாதி உடலை விட்டுப் போக ஒன்பது மணி நேரம் வரை ஆகலாம், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். டாக்சிலமினுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். குளோர்பெனிரமினுக்கு இருபதை ஒட்டி. ராத்திரி பத்துக்கு டாக்சிலமின் போட்டவர் ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது பாதிக்கும் மேல் உள்ளே இருக்கிறது. தூக்கம் தெளிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றலாம், பிரேக்கை மிதிக்கும் கால் அப்படி நினைக்காது. கேத்தி, எல்லநள்ளியிலிருந்து விடியலுக்கு முன் கேரட் லோடு இறக்குகிற டெம்போ டிரைவர்களுக்கு இந்த வகையில் எதுவுமே சரிப்படாது. மறுநாள் லோடு இல்லாத ராத்திரியாக இருந்தால் வேறு பேச்சு.

வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் டைபென்ஹைட்ரமினையும் டாக்சிலமினையும் குளோர்பெனிரமினையும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியல் தெளிவாகவே சொல்கிறது. குழப்பம், தள்ளாட்டம், மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொள்வது என்று வரிசையாக வரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தா ஒரு அவில் போட்டுக்கொண்டு, காலையில் அடிவயிறு உப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டிவரலாம். சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. இந்த மாதிரி மருந்துகளைப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 2015இல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. மருந்துதான் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. இருந்தாலும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மாதக்கணக்கில் வாங்கிக் கொடுக்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றோடு ஒன்று சேர்வதுதான் எனக்கு அதிகக் கவலை. பகலில் பஸ்ஸுக்கு அவோமின், சாயங்காலம் சளிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி தூக்கத்துக்கு அவில் என்று மூன்றும் ஒரே ஆளின் பையில் இருக்கும். பெயர் வேறு வேறு, உள்ளே நடக்கும் வேலை ஒன்றே.

வெளிநாட்டுப் பாட்டிலும் இதே கதை. மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு அம்மா பெரிய டப்பா ஒன்றைக் காட்டினார். மேலே "பி.எம்." என்று போட்டிருந்தது. பக்கவாட்டில் பொடி எழுத்தில், ஒரு மாத்திரைக்கு அசிட்டமினோஃபென் 500 மி.கி., டைபென்ஹைட்ரமின் 25 மி.கி. அசிட்டமினோஃபென் என்றால் நம்ம பாரசிட்டமால்தான். இரண்டு போட்டால் ஒரு கிராம். அந்த அம்மா மூட்டு வலிக்கு ஏற்கெனவே நாளைக்கு மூன்று வேளை பாரசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கே ஒரு நாளில் நாலு கிராம்தான் உச்ச வரம்பு. மெலிந்தவர், குடிப்பவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் என்றால் அதற்கும் கீழேதான் நிற்க வேண்டும். வலி இல்லாமல் தூக்கம் மட்டும் வராதவர் வலி மருந்து கலந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி ஒரே வரி: தூங்க வைப்பதற்காக இருமல் சிரப்போ அலர்ஜி மருந்தோ எந்த வயதிலும் கொடுக்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு யாருக்குத்தான் இது? நாற்பது வயதுக்காரர், வேறு நோய் இல்லை, வேறு மருந்து இல்லை, குடிக்கவில்லை, நாளைக்கு வண்டி எடுக்கத் தேவையில்லை, துக்க வீட்டு அலைச்சலிலோ பயணத்திலோ இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டுவிட்டது. அவருக்குச் சரி. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் குறைந்த அளவில், முழு இரவும் கையில் இருக்கும்போது மட்டும். இரண்டு மணிக்கு விழிப்பு வந்து அப்போது ஒன்று போட்டுக்கொள்வது கூடாது. அமெரிக்க டப்பாக்களே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை நீடித்தால் டாக்டரைப் பாருங்கள் என்கின்றன. அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து.

மெலட்டோனின்

சமீப வருஷங்களில் இளைஞர்கள் பெயரோடு வந்து கேட்பது இதை. மாத்திரையாகவும் மென்று தின்னும் கம்மியாகவும் வருகிறது, 3, 5, 10 மி.கி. என்று. இருட்டானதும் மூளையில் தானாகச் சுரக்கும் ஹார்மோன் இது. ஆளை அடித்துப் போடாது, "ராத்திரி ஆயிருச்சு" என்று உடம்புக்குச் சேதி சொல்லும். எனவே கடிகாரம் தப்பிப் போனவர்களுக்குப் பொருந்தும், கவலையால் விழித்திருப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கடிகாரம் தப்பியவர்கள் இந்த மலையில் நிறைய உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து பகலில் தூங்கி ராத்திரி உலாவுகிற மகன். வெளிநாட்டு நேரத்துக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, லீவு நாளிலும் மூன்று மணிக்கு முன் கண் மூடாத பெண். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மாத்திரையைவிட, வீட்டுக்குப் போகும் வழியில் வெயில் கண்ணில் படாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வதும், ஜன்னலில் கெட்டியான போர்வையைத் தொங்கவிடுவதும் கூடுதலாக உதவும். மாத்திரை அதற்குத் துணை. ஆனால் ஃபேக்டரியில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறக்கூடாது, வீட்டுக்கு வந்த பிறகுதான்.

காலைக் கணக்கில் இது ஜெயிக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதி கழிந்துவிடும், மெதுவாகக் கரையும் வகை மட்டும் நீடிக்கும். எழுந்த பிறகு தலைகனம் சிலருக்கு உண்டு, பெரும்பாலும் அளவைக் கூட்டியவர்களுக்கு. அதிகம் போட்டால் அதிகம் தூக்கம் என்ற கணக்கு இதில் செல்லாது. ஒன்று முதல் மூன்று மி.கி. வரை போதும், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக. 10 மி.கி. அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தது வேறு இருக்கிறதா என்று கேட்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரு குறை உண்டு. அட்டையில் போட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் எல்லா நாட்டிலும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் 25 மெலட்டோனின் கம்மிகளைச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள், 22இல் லேபிள் சொன்ன அளவு சரியாக இல்லை. பிரிட்டனில் இதைச் சீட்டில்லாமல் வாங்க முடியாது. கம்மியை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் தின்றுவிடும், எட்டாத இடத்தில் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

தினமும் தூக்கமில்லாதவர்களுக்கு இதுவும் விடையில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு டைபென்ஹைட்ரமினையும் மெலட்டோனினையும் வலேரியன் என்ற மூலிகை வேரையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் சொன்னது.

நாட்டு மருந்து

பாலில் ஜாதிக்காய். பர்லியார் பண்ணையிலேயே விளைகிற சரக்கு என்பதால் நம் பக்கத்தில் இதற்கு மரியாதை அதிகம். ஒரு சிட்டிகை கெடுதல் செய்யாது, சூடான பாலும் படுக்கப் போகிற வழக்கமும் சேர்ந்து சிலருக்கு உதவும். ஸ்பூன் கணக்கில் போட்டால் நெஞ்சு படபடக்கும், இல்லாததெல்லாம் தெரியும். அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரைக்குத் தூக்கத்தில் சிறிய பலன் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் விலகி இருக்க வேண்டும். மூலிகைதானே என்று மாதக்கணக்கில் போடாதீர்கள். அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் ஒரு தடவை காட்டிவிட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு மாத்திரை

இதற்கும் சீட்டு இல்லாத விற்பனைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கவுண்டரில் ஒப்பீடு நடப்பதே இதை வைத்துத்தான்: "அவங்க ஒண்ணு குடுத்தாங்க, சூப்பரா தூங்கினேன், அதே மாதிரி குடு." அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் எல்லாம் எச்1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச்சிலிருந்து இவற்றுக்குத் தனி ரிஜிஸ்டர். நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் எழுதி, மூன்று வருஷம் பாதுகாத்து வைக்க வேண்டும். "தெரிஞ்சவங்கதானே" என்று யாரும் கொடுக்க முடியாது.

இவை வேலை செய்யும், நன்றாகவே. காலையில் மிச்சமும் இருக்கும். பெண்களுக்கு சோல்பிடெம் அளவை 10இலிருந்து 5 மி.கி.யாகக் குறைக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் உத்தரவிட்டதே, மறுநாள் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் போதுமான அளவு தங்கியிருந்ததால்தான். தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி எடுப்பது நடந்திருக்கிறது என்று 2019இல் இன்னும் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தார்கள். அல்பிரசோலம் வகை வேறு மாதிரி பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள்.

மேலே சொன்ன எந்த மாத்திரையோடும் சேரக்கூடாதவை இரண்டு. ஒன்று சாராயம். குளிருக்கு ஒரு கட்டிங், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை என்றால் மூச்சே மந்தமாகிவிடும். அவர் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவராக இருந்தால் இன்னும் ஆபத்து. இரண்டாவது கரி அடுப்பு. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரியை மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி உதகையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்து விழிப்பதற்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச வாய்ப்பையும் மாத்திரை எடுத்துவிடும்.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் கடையில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. அதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் சொன்னது மாத்திரையை இல்லை, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றுகிற பயிற்சியை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, இருபது நிமிஷம் போல வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது என்று தொடங்கும். முதல் வாரம் கடினமாக இருக்கும், பலன் நிற்கும். மனசில் பாரம் இருந்து தூக்கம் போயிருந்தால் 14416க்குக் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், பஸ்ஸுக்கு வாங்கிய வாந்தி மாத்திரை உட்பட.